நிச்சயமின்மையில் முடிவெடுத்தல்: ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஒருவரின் ஆய்வும் எங்கள் கடலும்

உவர்மலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையின் சீனக்குடா விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, வானத்தில் இரண்டு விமானங்கள் எவ்வாறு மோதாமல் தப்புகின்றன என்ற கேள்வி சிறுவயது முதல் என்னை விட்டதில்லை. அதற்கு விடை தேடப் போய், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கல் கோக்கன்டர்ஃபரின் ஆய்வுகளில் வந்து நின்றேன். எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். பிழையிருந்தால் திருத்துங்கள்.

2002 யூலை 1 இரவு, ஜேர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு சரக்கு விமானமும் ரஷ்யப் பயணிகள் விமானமொன்றும் மோதி 71 பேர் இறந்தனர். இரண்டிலும் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. அது சரக்கு விமானத்தை இறங்கவும் பயணிகள் விமானத்தை ஏறவும் சொன்னது. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரோ பயணிகள் விமானத்தை இறங்கச் சொல்லியிருந்தார். விமானிகள் அவருடைய சொல்லைக் கேட்டார்கள். இரண்டு விமானங்களும் ஒன்றாகவே இறங்கின.

டீகாஸ் என்பது பல ஆண்டுகளாக மனிதர்கள் கையால் எழுதிச் சேர்த்த விதிகளின் தொகுதி. "இவ்வளவு தூரத்துக்குள் இவ்வளவு வேகத்தில் நெருங்கினால் இதைச் சொல்" என்ற வகையிலான விதிகள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று எங்கே இடறும் என்று எளிதில் சொல்ல இயலாது. ஸ்டான்ஃபோர்டுக்கு வருமுன் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த கோக்கன்டர்ஃபரும் அவருடைய சகாக்களும் விதி எழுதுவதையே விட்டுவிட்டார்கள். மற்ற விமானம் இப்போது எங்கே இருக்கக்கூடும், அடுத்த விநாடியில் எங்கே போகக்கூடும் என்பதை நிகழ்தகவுகளாக எழுதினார்கள். கிடையாக 500 அடிக்குள்ளும் நிலைக்குத்தாக 100 அடிக்குள்ளும் இரண்டு விமானங்கள் நெருங்கினால் அது பெருந்தீங்கு என்றும், தேவையில்லாமல் விமானியை எச்சரிப்பது சிறு தீங்கு என்றும் எடைபோட்டுக் கொடுத்தார்கள். மிகுதியைக் கணினி செய்தது. கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1957 இல் நூலாகத் தந்த முறையின்படி, மோதக்கூடிய கணத்திலிருந்து காலத்தில் பின்னோக்கி வந்து, ஒவ்வொரு நிலையிலும் எந்தச் செயல் எவ்வளவு தீங்கைக் கொண்டுவரும் என்று கணித்து ஒரு பெரிய அட்டவணை ஆக்கியது. ஏகாஸ் எக்ஸ் என்று பெயர் பெற்ற இந்த முறைக்கான தரநிலை 2018 இல் வெளியானது.

நான் விவாதிக்க விரும்பும் விடயம் இது. நாளை மழை பெய்யுமா என்று சொல்வது ஒன்று; குடையை எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்வது வேறொன்று. முன்னதை இயந்திரம் தரவிலிருந்து கற்கலாம். பின்னதற்கு எந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை யாரோ ஒரு மனிதர் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.


திருக்கடலூர்க் கடலோடி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு விமானம் தெரியாது, கடல் தெரியும். எனது தந்தையார் விடியற்புறம் மூன்று மணிக்குக் கரையில் நின்று மேகத்தையும் வாடைக்காற்றின் வேகத்தையும் பார்த்து, போகலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிப்பார். இன்று எனது தொலைபேசி "40 வீதம்" என்கிறது. நாற்பது வீதமென்றால் என்ன? கடலின் நாற்பது பங்கில் காற்று அடிக்குமா, நாளில் நாற்பது பங்கு நேரம் அடிக்குமா, அல்லது சொல்பவருக்கே நாற்பது பங்குதான் நம்பிக்கையா? அதைக் கேட்டுப் பழகிய பின்னர், நான் முன்னர் எடுத்த முடிவைவிட நல்ல முடிவு எடுக்கிறேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வீதமென்று சொன்ன அன்று காற்று அடித்தாலும் அவர்கள் சொன்னது சரி, அடிக்காவிட்டாலும் அவர்கள் சொன்னது சரி. இப்படி ஒரு தொழிலில் எவருக்கும் பிழையே வராதென்றால் நானும் அந்தத் தொழிலுக்குப் போயிருக்கலாம்.


நிலாவெளிக் கணித ஆசிரியை எழுதியது:

தம்பியின் கடைசி வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், ஆயினும் அது மிகச் சரியான கேள்வி. ஒரேயொரு நாளை வைத்து 40 வீதம் என்ற கூற்றைப் பொய்யென்றோ மெய்யென்றோ காட்ட முடியாது. நாற்பது வீதமென்று சொன்ன நாட்கள் ஒரு நூறைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் ஏறத்தாழ நாற்பது நாட்களில் அது நடந்திருக்க வேண்டும். எழுபது நாட்களில் நடந்திருந்தால் சொன்னவரைப் பிடித்துக் கேட்கலாம். கிளென் பிரையர் என்பவர் 1950 இல் இதற்கென ஓர் அளவை முன்வைத்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, சொன்ன நிகழ்தகவுக்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தை வர்க்கிப்பது. 0.7 என்று சொல்லி மழை பெய்தால் தண்டம் 0.09, 0.3 என்று சொல்லிப் பெய்தால் 0.49. பல நாட்களின் சராசரி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல எதிர்வுகூறல். ஆகவே அந்தத் தொழிலிலும் பிழை வரும். கணக்கு வைத்தால்தான் தெரியும்.

இனி முடிவு. எடுத்துக்காட்டுக்காக நானே சில எண்களை வைக்கிறேன். ஒரு நாள் போகாமல் விட்டால் இழப்பு 20,000 ரூபாய். போய்க் காற்றில் அகப்பட்டால் படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்ந்து இழப்பு 800,000 ரூபாய். அகப்படும் நிகழ்தகவை 800,000 ஆல் பெருக்கினால் வருவது 20,000 ஐ விடக் கூடினால் கரையில் நிற்க வேண்டும். அந்த எல்லை 20,000 ஐ 800,000 ஆல் வகுத்தால் கிடைக்கும்: நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 வீதம். காற்று வராது என்று 95 வீதம் நம்பும் ஒருவர்கூட அன்று கரையில் நிற்பதே சரி என்கிறது இந்தக் கணக்கு. "நடக்குமா" என்ற கேள்விக்கு "அநேகமாக நடக்காது" என்றும், "போகலாமா" என்ற கேள்விக்கு "போகாதே" என்றும் ஒரே நேரத்தில் விடை வருவதில் முரண்பாடு எதுவுமில்லை. உவர்மலையான் ஐயா சொல்ல வந்ததும் இதுதான்.


திருக்கடலூர்க் கடலோடி எழுதியது:

ரீச்சர், உங்கள் கணக்கின்படி நான் கார்த்திகை தொடக்கம் தை வரை வலையைத் தொடவே முடியாது. என்னுடைய பிள்ளைகள் 2.5 வீதத்தைச் சாப்பிட மாட்டார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. படகு சம்மாட்டியுடையது. எஞ்சின் கடனில் வாங்கியது. வலையில் பாதி என்னுடையது. உயிர் மட்டும் முழுதாக என்னுடையது. போகாமல் விட்டால் அன்றைய இழப்பு எனக்கும் கூட வரும் இருவருக்கும். படகு உடைந்தால் இழப்பு பெரும்பாலும் அவருக்கு. நீங்கள் ஒரே கூட்டலில் போட்டிருக்கும் அந்த 800,000 ரூபாய் யாருடைய பையிலிருந்து போகிறது? அவர் கணக்குப் பார்த்தால் ஒரு விடை வரும், நான் பார்த்தால் வேறொரு விடை வரும், எனது மனைவி பார்த்தால் மூன்றாவது விடை வரும். கணினி யாருடைய விடையைச் சொல்லும்?


நிலாவெளிக் கணித ஆசிரியை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். டானியல் பேர்ணூலி 1738 இலேயே இதன் ஒரு பாதியைச் சொல்லிவிட்டார்: ஒரே தொகைப் பணம், கையிலிருப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெறுமதி உடையது. கையில் 30,000 ரூபாய் மட்டும் உள்ளவருக்கு 20,000 ரூபாயை இழப்பது மூன்றில் இரண்டு பங்கை இழப்பது. சம்மாட்டிக்கு அது ஒரு நாட்செலவு. ரூபாயை ரூபாயாகவே கூட்டிய எனது கணக்கு அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. மற்றப் பாதி, இழப்பு ஒருவருக்கும் முடிவு இன்னொருவருக்கும் ஆகப் பிரிந்து கிடப்பது, பேர்ணூலியிடமும் இல்லை.


கந்தளாய்க் குளத்தடி எழுதியது:

நீர்ப்பாசனத் துறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். குளக்கோட்டன் கட்டினான் என்று எங்கள் ஊர் சொல்லும் குளத்தின் பக்கத்தில் இருக்கிறேன். (மன்னர் இரண்டாம் அக்கபோதி என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள், அந்தச் சண்டைக்கு வேறு இழை திறக்கவும்.)

மேலே ஆசிரியை போட்ட கணக்கு ஒரு நாளுக்கு உரியது. எங்கள் தொழிலில் இன்று எடுக்கும் முடிவு நாளைக்கு இருக்கக்கூடிய தெரிவுகளையே மாற்றிவிடும். மார்கழியில் குளம் நிரம்பி வருகையில் வான்கதவை முன்கூட்டித் திறந்தால், மழை எதிர்பார்த்தபடி வராவிட்டால், சிறுபோகத்துக்கு நீரில்லை என்று விவசாயிகள் வாசலில் வந்து நிற்பார்கள். பிந்தித் திறந்தால் ஒரே நேரத்தில் எல்லாக் கதவையும் திறக்க நேர்ந்து தாழ்நிலத்தில் வெள்ளம். இன்று ஓரடி திறப்பதன் பெறுமதி என்ன என்பது, நாளையும் மறுநாளும் நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பொறுத்தது. ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பெல்மனின் பெயரைச் சொன்னீர்கள். அவருடைய நூலுக்கு முன்னரே, 1946 இல் பிரான்சில் பியர் மாசே நீர்த்தேக்கங்களுக்கு இவ்வகைச் சிந்தனையை எழுதினார். 1955 இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் கிராண்ட் கூலி அணையை எடுத்துக்கொண்டு, வரும் நீர் நிச்சயமில்லாதபோது எவ்வளவைத் தேக்குவது என்று கணித்தார். விமானத்துக்கு வருமுன்னர் இந்தக் கணிதம் குளத்துக்கு வந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெகு நாட்களாகிவிட்ட காலம் அது. மழையை எவ்வளவு நன்றாக எதிர்வுகூறியிருந்தாலும் அன்று உதவியிருக்காது. தெரிய வேண்டியிருந்தது அணையின் உள்ளே இருந்த நிலைமை. அதை எவரும் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே கசிவு, ஈரம், சிறு தாழ்வு போன்ற அறிகுறிகளைத்தான் பார்க்கலாம். கார்ல் ஒஸ்ட்ரம் என்ற சுவீடன் நாட்டவர் 1965 இல் இத்தகைய மறைந்த நிலைகளுக்கான கணிதத்தை எழுதினார்: உண்மை நிலையைப் பற்றி எமக்கிருக்கும் நம்பிக்கையையே ஒரு நிலையாகக் கொண்டு, ஒவ்வொரு அறிகுறிக்கும் அதைத் திருத்திக்கொண்டு, அதன்மேல் முடிவெடுப்பது. பேராசிரியரின் விமானங்களிலும் இதே சிக்கல் உண்டல்லவா? மற்ற விமானம் தனது உயரத்தை 25 அடிக்கோ 100 அடிக்கோ முழுமைப்படுத்தித்தான் அறிவிக்கும். சரியான உயரம் இந்த விமானத்துக்கு வந்து சேர்வதேயில்லை.


மூதூர் வாசகர் எழுதியது:

எல்லோரும் நிகழ்தகவு கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பிராங்க் நைட் என்ற பொருளியலாளர் 1921 இலேயே இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்தார். தாயக்கட்டையில் ஆறு விழும் வாய்ப்பை அளக்கலாம், அது இடர். எத்தனை பக்கமுள்ள கட்டை என்பதே தெரியாவிட்டால் அது நிச்சயமின்மை. 1961 இல் டானியல் எல்ஸ்பேர்க் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். 90 பந்துகள், 30 சிவப்பு, மிகுதி 60 கறுப்பும் மஞ்சளும், எந்த விகிதத்தில் என்று தெரியாது. மக்கள் கறுப்பைவிடச் சிவப்பின்மேல் பந்தயம் கட்டவே விரும்புகிறார்கள். ஆனால் அதே மக்கள், "சிவப்பு அல்லது மஞ்சள்" என்பதைவிடக் "கறுப்பு அல்லது மஞ்சள்" என்பதை விரும்புகிறார்கள். எந்தவோர் ஒற்றை நிகழ்தகவைக் கொண்டும் இந்த இரண்டு விருப்பங்களையும் ஒருங்கே விளக்க முடியாது. தெரியாத வாய்ப்பிலிருந்து மனிதர் ஒதுங்குகிறார்கள். அதை மடமை என்று நான் சொல்ல மாட்டேன்.

2004 டிசம்பர் 26 காலை வானம் தெளிவாக இருந்தது. கொட்டியாரக் குடாவின் கரையில் நின்ற எவருடைய அட்டவணையிலும் "காற்றில்லாமல் கடல் ஊருக்குள் வரும்" என்ற நிரை இருக்கவில்லை. பேராசிரியரின் அட்டவணையில் எத்தனை கோடி நிரைகள் இருந்தாலும், எழுதப்படாத நிரைக்கு அது என்ன சொல்லும்?


உவர்மலையான் எழுதியது:

மூதூர் வாசகரின் கேள்விக்கு நேர்மையான விடை: எதுவும் சொல்லாது. அதைவிட மோசமாக, அருகிலுள்ள நிரையின் விடையைத் தயக்கமின்றிச் சொல்லிவிடவும் கூடும். விமானத்தில் இது ஓரளவு தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், இரண்டு விமானங்கள் சந்திக்கும் வெளி சிறியது, இயற்பியல் தெரிந்தது, ராடாரில் பதிவான சந்திப்புகள் நிறைய உண்டு. கடலுக்கும் கரைக்கும் அந்த வசதி இல்லை. கணிதவியலாளர் ஆபிரகாம் வால்ட் காட்டிய வழியில், நிகழ்தகவை விட்டுவிட்டு மிக மோசமான விளைவை மட்டும் பார்த்து அதைச் சிறிதாக்கும் செயலைத் தெரிவுசெய்யலாம்தான். அவ்வாறு செய்தால் கடலோடித் தம்பி ஒருநாளும் கடலுக்குப் போக முடியாது, ஆசிரியையின் 2.5 வீதமே அவருக்குத் தாராளமாகத் தோன்றும்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அதற்கு முன்னர் கரையோர மக்களை இடம்பெயர்த்தார்கள். அஞ்சிய அளவுக்குச் சேதம் வரவில்லை. மறுநாள் "வீணாக அலைக்கழித்தார்கள்" என்ற பேச்சைக் கேட்டேன். விளைவு இலேசாகப் போனதை வைத்து முடிவு பிழையென்று சொல்வது, ஆறு விழுந்ததை வைத்துத் தாயக்கட்டையைக் கெட்டிக்காரன் என்பது போன்றது. அதேவேளை அந்தப் பேச்சையும் முற்றாக ஒதுக்க முடியாது. அடிக்கடி வீணாக ஒலிக்கும் கருவியை விமானி நம்பாமல் விடுவார். ஆகவே வீண் எச்சரிக்கைக்கும் ஒரு தீங்கு எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சிறிதென்று எழுதலாம், பூச்சியமென்று எழுதக்கூடாது.


கோணேசபுரி மாணவன் எழுதியது:

மூத்தவர்களுக்கு வணக்கம். கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவன். இரண்டு விடயங்கள்.

முதலாவது, அட்டவணை. ஆளில்லா விமானங்களுக்கான ஏகாஸ் எக்ஸ்யூ வடிவத்தில் அந்த அட்டவணை 2 கிகாபைட்டுக்கும் மேல். விமானத்திலுள்ள பழைய கணினிகளுக்கு அது மிகப் பெரிது. ஆகவே பேராசிரியரின் குழு அதை 45 நரம்பு வலையமைப்புகளுக்கு (தரவிலிருந்து கற்கும் கணினி நிரல்களுக்கு) கற்பித்து 3 மெகாபைட்டுக்குள் சுருக்கியது. அங்கே புதிய சிக்கல் முளைத்தது. அட்டவணையின் ஒவ்வொரு நிரையையும் வாசித்துச் சரிபார்க்கலாம்; வலையமைப்பை அவ்வாறு வாசிக்க முடியாது. 2017 இல் அவரும் கை காட்ஸ் முதலிய சகாக்களும் ரீலுப்ளெக்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். மாதிரிக்குச் சில உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு வரையறைக்குள் அடங்கும் எல்லா உள்ளீடுகளுக்கும் வலையமைப்பு ஒரு பண்பை, அதாவது அது மீறக்கூடாத ஒரு கட்டுப்பாட்டை, காக்கிறதா என்று கணித நிறுவலாகக் காட்டுவது அது. பல பண்புகளை அவ்வாறு நிறுவினார்கள். ஒரு பண்பு மீறப்படும் உள்ளீட்டையும் கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி அந்த மீறல்தான். பிழையைத் தேடிப் போய் எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உவர்மலையான் ஐயாவின் முதற் பதிவோடு எனக்கொரு முரண்பாடு உண்டு. இழப்பின் எடையை மனிதர் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றீர்கள். அன்ட்ரூ இங், ஸ்டுவர்ட் ரசல் ஆகியோர் 2000 இல் எழுதிய ஆய்வு அதைத் தலைகீழாக்குகிறது. தேர்ந்தவர் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அவர் எந்த இழப்பை எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார் என்பதை இயந்திரமே ஊகிக்கலாம். கடலோடி அண்ணாவின் பத்து வருட முடிவுகளைக் கொடுத்தால், அவருடைய எடைகளை அது கண்டுபிடித்துவிடும்.


திருக்கடலூர்க் கடலோடி எழுதியது:

தம்பி, எஞ்சின் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய கிழமைகளில், மற்ற நாட்களில் போகாத காற்றிலும் நான் போயிருக்கிறேன். அதைப் பார்த்து உங்கள் இயந்திரம் என்ன கற்கும்? எனக்கு உயிர் மலிவு என்றா?


கோணேசபுரி மாணவன் எழுதியது:

அண்ணா, ஆம், அப்படித்தான் கற்கும். கடனை ஒரு நிலையாக அதற்குக் காட்டாவிட்டால், அந்தக் கிழமைகளில் நீங்கள் உங்கள் உயிருக்குக் குறைந்த விலை போட்டீர்கள் என்றே அது முடிவுகட்டும். இதை நான் யோசித்திருக்கவில்லை. செய்வதைப் பார்த்து விருப்பத்தை ஊகிக்கும் முறை, செய்பவருக்கு வேறு வழி இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. பேராசிரியரின் விமானிகளுக்கு ஏறுவது, இறங்குவது என்ற இரண்டும் திறந்திருக்கின்றன.


கந்தளாய்க் குளத்தடி எழுதியது:

கடனும் அணைக்குள் இருக்கும் கசிவு போன்றது, வெளியே தெரியாது. மாணவனின் இயந்திரம் மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது.


நிலாவெளிக் கணித ஆசிரியை எழுதியது:

கடலோடித் தம்பி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி எடுங்கள். நான்கு நிரல் கீறுங்கள். தொலைபேசி சொன்ன வீதம்; அதைப் பார்க்குமுன் உங்கள் மனம் சொன்ன வீதம்; போனீர்களா இல்லையா; கடல் உண்மையில் எப்படி இருந்தது. ஒரு பருவம் முழுவதும் எழுதினால், உங்களுடைய பிரையர் அளவையும் தொலைபேசியுடையதையும் நான் கணித்துத் தருகிறேன். உங்கள் தந்தையாரிடம் கற்ற கண் எவ்வளவு பெறும் என்று அப்போது தெரியும். போகாத நாட்களில் போனவர்களிடம் கேட்டுக் கடைசி நிரலை நிரப்புங்கள். இது உங்களுக்குள்ள பெரிய வசதி. புதிய மருந்தைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கு, கொடுக்காத மருந்து என்ன செய்திருக்கும் என்று சொல்ல எவருமில்லை. இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று சிறு தரவிலிருந்து முடிவெடுப்பது பற்றி 1933 இல் வில்லியம் தொம்சன் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு அந்தத் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. உங்களுக்கு அயல்வாடியில் ஆள் இருக்கிறார்.


திருக்கடலூர்க் கடலோடி எழுதியது:

எழுதத் தொடங்கிவிட்டேன், ரீச்சர். இன்று தொலைபேசி 20 வீதம், நான் 5 வீதம். போகவில்லை. காற்றினால் அல்ல, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கடல் குளம் போலக் கிடந்ததாகப் போனவர்கள் சொன்னார்கள். மண்ணெண்ணெயை எந்த நிரலில் எழுதுவது?


நிலாவெளிக் கணித ஆசிரியை எழுதியது:

மூன்றாவது நிரலுக்குப் பக்கத்தில் "ஏன்" என்று இன்னொரு நிரல் கீறுங்கள். இல்லாவிட்டால் மாணவனின் இயந்திரம் நீங்கள் பயந்து கரையில் நின்றதாக எழுதிக்கொள்ளும்.